தாளின் மறுபக்கம்

கதைகளைப் படமாக வரைவது மனித இனத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. சுவரிலும் கல்லிலும் மட்கலத்திலும் தாளிலும் மக்கள் தங்கள் தொன்மக் கதைகளைத் தீட்டி வந்திருக்கிறார்கள். வரைந்தவர் மறைகிறார், அக்கதையை நம்பித் தொழுதவரும் மறைகிறார்கள், படம் மட்டும் எஞ்சுகிறது. நூற்றாண்டுகள் கடந்து அதன்முன் வந்து நிற்பவர், “இதன் உட்பொருள் என்ன?” என்று கேட்கிறார். கழுகு எதைக் குறிக்கிறது, ஈரல் எதைக் குறிக்கிறது, கவிழ்ந்த தேர் எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாக விடை தேடுகிறார். இவ்வாறு தேடுவது அறிவுக்கு இன்பம் தரும் செயல். ஆயினும் அதற்குள் அறம் சார்ந்த கேள்வி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. படத்தில் இருப்பவன் துன்புறும் ஒரு மனிதன். அவனை நாம் ஓர் உண்மையின் அடையாளமாக மாற்றிவிடும்போது அந்த மனிதன் என்ன ஆகிறான்? அவனால் துன்புற்றவர் என்ன ஆகிறார்? பார்த்துக்கொண்டு நிற்கும் நாம் என்ன ஆகிறோம்?

இக்கேள்வியைப் பொதுப்படப் பேசினால் அது காற்றில் கரைந்துவிடும். ஆகவே 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு தாள் ஒன்றை நம்முன் விரித்துக்கொள்வோம். ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் அகலமும் 19 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அந்தத் தாள், இங்கிலாந்தில் வின்ட்சர் கோட்டையிலுள்ள அரச சேகரிப்பில் பாதுகாக்கப்படுகிறது. கறுப்புச் சாக்குக்கட்டியால் அதில் வரைந்தவர் மைக்கேலாஞ்சலோ.

முதிய கலைஞரின் பரிசு

1475-இல் பிறந்த மைக்கேலாஞ்சலோ, 1532-இல் உரோமை நகரில் தொம்மாசோ தே கவலியேரி என்னும் இளம் பிரபுவைச் சந்தித்தார். அப்பொழுது கலைஞருக்கு வயது 57. சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை அவர் தீட்டி முடித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அழகும் பண்பும் நிறைந்த அந்த இளைஞரிடம் முதியவர் ஆழ்ந்த அன்பு கொண்டார். கவிதைகள் எழுதினார், மடல்கள் வரைந்தார், சித்திரங்களையும் பரிசாக அனுப்பினார். இளைஞர் ஓவியம் பயில்வதற்காகவே அவற்றை வரைந்து தந்தார் என்று ஜோர்ஜோ வசாரி 1568-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதியுள்ளார். டிட்டியஸ் பெற்ற தண்டனை, கானிமீட் தூக்கிச் செல்லப்படுதல், பேத்தோனின் வீழ்ச்சி, குழந்தைகளின் களியாட்டம் ஆகியவை வசாரி குறிப்பிடும் சித்திரங்கள். கோவிலுக்காக வரையப்பட்டவை அல்ல. விலைக்கு வரையப்பட்டவையும் அல்ல. ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்குத் தம் உள்ளத்தைக் காட்ட வரைந்தவை. அவை அனைத்தும் கிறிஸ்தவத்துக்கு முந்தைய கிரேக்க, உரோமைக் கதையுலகைச் சேர்ந்தவை என்பது நம் கருத்துக்குரியது.

திருச்சபையின் தலைமை இவற்றை அறியாமல் இல்லை. பேத்தோன் சித்திரத்தைத் திருத்தந்தையும் கர்தினால் இப்போலித்தோ தே மெடிச்சியும் பார்த்ததாகக் கவலியேரி 1533 செப்டம்பர் 6 நாளிட்ட மடலில் மைக்கேலாஞ்சலோவுக்குத் தெரிவிக்கிறார். அன்று திருத்தந்தையாக இருந்தவர் ஏழாம் கிளமெண்ட். டிட்டியஸ், கானிமீட் சித்திரங்களைப் படிகக் கல்லில் செதுக்கச் செய்ய வேண்டும் என்று அந்தக் கர்தினால் விரும்பினார். ஜொவான்னி பெர்னார்தி என்னும் சிற்பி செதுக்கிய டிட்டியஸ் படிகம் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று படங்களில் ஒரு கழுகு

கதைகளைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். டிட்டியஸ் ஓர் அரக்கன். அப்போல்லோவின் தாயாகிய லேத்தோ வழியே சென்றுகொண்டிருந்தபோது அவளைப் பலவந்தம் செய்ய முயன்றான். அதற்காகப் பாதாளத்தில் கிடத்தப்பட்டான். இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் அவனுடைய ஈரலைக் கொத்துவதாக ஹோமரின் ஒடிசி 11-ஆம் காண்டம் கூறுகிறது. தின்னத் தின்ன ஈரல் மீண்டும் வளரும் என்று பிற்காலக் கவிஞர்கள் பாடினர். தண்டனைக்கு முடிவே இல்லை. மைக்கேலாஞ்சலோ இரண்டு பறவைகளை ஒன்றாக்கினார். அதையும் கம்பீரமான கழுகின் சாயலில் வரைந்தார். பாறையின்மேல் மல்லாந்து கிடக்கும் உடலை அதன் விரிந்த சிறகுகள் மூடி நிற்கின்றன. அருகே வாய் பிளந்த முகம்போல் ஒரு பட்ட மரம்.

கானிமீட் திராய் நாட்டு அரசிளஞ்சிறுவன். அவன் அழகில் மயங்கிய சீயஸ், கழுகினால் அவனைத் தன் விண்ணுலகுக்குக் கவர்ந்து சென்று, விருந்தில் கிண்ணம் ஏந்துபவனாக வைத்துக்கொண்டான். படத்தில் கழுகு அவனைப் பின்னிருந்து பற்றிக்கொண்டு மேலெழுகிறது.

பேத்தோன் கதிரவனின் மகன். தந்தையின் தேரை ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டுப் பெற்றான். குதிரைகள் அவன் கைக்கு அடங்கவில்லை. உலகம் தீப்பற்றும் நிலை வந்தபோது சீயஸ் இடியால் அவனை வீழ்த்தினான். அச்சித்திரத்தில் உச்சியில் கழுகின்மேல் அமர்ந்து சீயஸ் இடியை எறிகிறான். நடுவே நான்கு குதிரைகளோடும் தேரோடும் இளைஞன் தலைகீழாக விழுகிறான்.

மூன்றிலும் கழுகு இருக்கிறது. ஒன்றில் அது மனிதனை மேலே தூக்குகிறது. மற்றொன்றில் மனிதனைக் கீழே அழுத்திக் கிழிக்கிறது. இன்னொன்றில் நடுவரின் இருக்கையாக நிற்கிறது. எர்வின் பனோஃப்ஸ்கி என்னும் அறிஞர் 1939-இல் வெளியிட்ட ஆய்வில், டிட்டியஸையும் கானிமீடையும் ஓர் இணையாகக் கண்டார்: ஒன்று ஆன்மாவை இறைவனிடம் உயர்த்தும் அன்பு, மற்றொன்று மனிதனைத் தளையிட்டு வதைக்கும் இச்சை. பறவை ஒன்றே, அது செய்யும் வேலை இரண்டு. மனிதனை அவனுடைய அன்பே ஓர் எடைபோல் இழுத்துச் செல்கிறது என்று புனித அகுஸ்தினார் கருதினார். அந்த எடை அவனை மேலேயும் இழுக்கலாம், கீழேயும் இழுக்கலாம். அவ்வுண்மையைச் சொல்ல இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது.

பொருள் காணும் மரபு

பிறமதத்தாரின் கதையில் நம் உண்மையைக் காண்பது முறையா என்று சிலர் ஐயுறலாம். திருச்சபையின் வரலாற்றில் இந்த ஐயம் புதியதல்ல. அரயோப்பாகு மன்றத்தில் பேசிய பவுலடியார் கிரேக்கக் கவிஞர்களின் சொற்களைத் துணைக்கு அழைத்தார். உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் நம்பிக்கையை வரைந்த கரங்கள், யாழிசையால் விலங்குகளை வசப்படுத்திய ஓர்பேயுவை நல்லாயனின் சாயலில் தீட்டின. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலர் அந்நாட்டாரின் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்ததைச் சுட்டிக்காட்டி, பிறரிடமுள்ள உண்மைகளையும் நாம் அவ்வாறே நற்பணிக்குக் கொள்ளலாம் என்று அகுஸ்தினார் தம் ‘கிறிஸ்தவப் போதனை’ நூலில் விளக்கினார். சிஸ்டைன் விதானத்திலேயே இஸ்ரயேலின் இறைவாக்கினர் எழுவரோடு புற இனத்துக் குறிசொல்லும் பெண்கள் ஐவர் அமர்ந்திருக்கிறார்கள்.

கானிமீடின் கதைக்கும் அவ்வாறே பொருள் கண்டனர். இடைக்கால விளக்கவுரையாளர் சிலர் அவனைப் புனித யோவானின் முன்னடையாளமாகக் கொண்டனர். 1481-இல் தாந்தேயின் காவியத்துக்கு உரை எழுதிய கிறிஸ்தோபரோ லந்தினோ, கானிமீட் என்பது இறைவனால் நேசிக்கப்படும் மனித மனம் என்றார். 1531-இல் வெளிவந்த அல்சியாத்தியின் குறியீட்டுப் பட நூலும் இறைவனில் மகிழ்வதன் அடையாளமாகவே அதைக் காட்டியது. மைக்கேலாஞ்சலோ வரையத் தொடங்கியபோது இப்பொருள்கள் காற்றில் மிதந்துகொண்டிருந்தன.

கதையைக் குறியீடாக்கும் வழக்கத்தைக் கிறிஸ்தவர்தாம் தொடங்கினர் என்று எண்ண வேண்டியதில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைக் கவிஞர் லுக்ரீசியஸ், பாதாளமே இல்லை என்று வாதித்தவர். டிட்டியஸ் எங்கோ நிலத்தடியில் கிடக்கவில்லை; காமத்தில் விழுந்து கவலையால் கொத்தப்பட்டுக் கிடக்கும் மனிதனே டிட்டியஸ், அவன் இங்கே நம்மிடையே இருக்கிறான் என்பது அவர் தந்த விளக்கம். முன்னோர் ஈரலை ஆசைகளின் இருப்பிடமாகக் கருதினர். பேரச்சமோ பெருந்துயரமோ தாக்கும்போது ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்று சொல்லும் நமக்கு அதைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இல்லை. கடவுளர் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை என்று நம்பிய ஒருவரிடமிருந்து இந்தப் பாடம் வருவது வியப்புக்குரியது. ஆனால் பாடம் நேர்மையானது. குறியீட்டை அவர் தொலைவிலுள்ள அரக்கனிடம் விட்டுவைக்காமல் மனிதரின் நெஞ்சருகே கொண்டுவந்து நிறுத்தினார்.

படத்தில் இல்லாதவர்

இதுவரை நாம் குறியீட்டின் பெருமையைப் பேசினோம். இனி அதன் ஆபத்தைப் பேச வேண்டும்.

டிட்டியஸ் சித்திரத்தை மீண்டும் பார்ப்போம். பாவி இருக்கிறான், தண்டனை இருக்கிறது, பாறையும் மரமும் இருக்கின்றன. லேத்தோ எங்கே? வழியே சென்ற ஒரு பெண் தாக்கப்பட்டாள் என்பதுதானே கதையின் தொடக்கம்? அவளுடைய அச்சம், அவமானம், கண்ணீர் எதற்கும் இந்தத் தாளில் இடமில்லை. ‘இச்சை மனிதனை வதைக்கும்’ என்று இப்படத்துக்கு உரை சொல்லும்போது, நம் இரக்கம் முழுவதும் குற்றவாளியின் வேதனைக்கே சென்றுவிடுகிறது. கதையின் முழு எடையும் அவன் ஈரலின்மேல் விழ, பாதிக்கப்பட்டவள் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறாள்.

கானிமீடின் கதையில் இது இன்னும் கடுமையாகிறது. கழுகு இறையருள், சிறுவன் ஆன்மா என்று சொல்லும்போது நம் உள்ளம் உயர்கிறது. ஆனால் மூலக் கதை என்ன? வல்லமை படைத்த ஒருவன் தன் ஆசைக்காக ஒரு சிறுவனை வீட்டாரிடமிருந்து பறித்துச் சென்ற கதை. மகனைக் காணாமல் தந்தை துரோஸ் துயருற்றான் என்றும், சீயஸ் அவனுக்கு ஈடாக விரைந்தோடும் குதிரைகளைக் கொடுத்தான் என்றும் பழைய கிரேக்கப் பாடல் ஒன்று சொல்கிறது. மகனுக்கு ஈடு குதிரைகள்! விண்ணேற்றம் என்று பிறர் அழகுபடச் சொல்லும் நிகழ்ச்சி, அந்த வீட்டில் ஒரு வெற்றிடம். ஆன்மீகச் சொற்களால் அநீதியை மூடுவது எக்காலத்திலும் எளிது. வலியவர் எளியவர்க்குச் செய்த தீங்கைச் ‘சிலுவை’ என்றும் ‘சோதனை’ என்றும் பெயரிட்டு, பாதிக்கப்பட்டவரையே பொறுமை காக்கச் சொல்லும்போது அதே துணி விரிக்கப்படுகிறது. நல்ல பொருள் ஒன்றைக் கண்டுவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில், அப்பொருளுக்கு அடியில் நசுங்கிக் கிடப்பவரைக் காணாமல் போய்விடக் கூடாது.

இவ்வகையில் பேத்தோன் சித்திரம் நமக்கு ஆறுதல் தருகிறது. அதன் அடிப்பகுதியில் துயருறுவோருக்குக் கலைஞர் இடம் கொடுத்திருக்கிறார். பேத்தோனின் சகோதரிகள் கைகளை விரித்துக் கதறுகிறார்கள். அழுதழுது அவர்கள் மரங்களாக மாறுகிறார்கள். உறவினன் சிக்னுஸ் அன்னப் பறவையாகிவிட்டான். ஆற்றுத் தேவன் தன் குடத்தோடு சாய்ந்திருக்கிறான். தண்டனை நியாயமானதாகவே இருக்கலாம். உலகம் எரியாமல் காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் விழுந்தவன் ஒருவருக்கு மகன், சிலருக்கு உடன்பிறப்பு. ‘செருக்கு அழிவைத் தரும்’ என்னும் பாடத்தோடு முடித்துக்கொள்ளாமல், அந்தப் பாடத்தின் விலையைச் செலுத்தியவர்களையும் அது காட்டுகிறது.

ஆகவே எந்தக் குறியீட்டுப் படத்தின்முன் நின்றாலும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: இந்தப் படத்தில் இருக்க வேண்டியவர்களுள் யார் இல்லை?

முனை யாரை நோக்கியது?

இரண்டாம் கேள்வி, குறியீட்டின் முனை யாரை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது என்பது. இதற்கும் மைக்கேலாஞ்சலோவின் வாழ்விலிருந்தே விளக்கம் பெறலாம்.

1536 முதல் 1541 வரை அவர் சிஸ்டைன் சிற்றாலயத்தின் பலிபீடச் சுவரில் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தைத் தீட்டினார். ஆண்டவரின் தீர்ப்பைக் காட்டும் அச்சுவரிலும் தொன்மக் கதைமாந்தர் உண்டு. அழிவுற்றோரைப் படகில் ஏற்றிச் செல்லும் காரோன் இருக்கிறான். பாதாளத்தின் நடுவன் மினோஸ் இருக்கிறான். திருத்தந்தையின் வழிபாட்டுச் சடங்குகளுக்குப் பொறுப்பாளராக இருந்த பியாஜோ தா செசேனா, நிர்வாண உருவங்கள் நிறைந்த இந்த ஓவியம் ஆலயத்துக்குத் தகாது, குளியற்கூடத்துக்கும் மதுக்கடைக்குமே தகும் என்று குறை கூறினார். கலைஞர் மினோஸுக்கு அவருடைய முகத்தையே வைத்துவிட்டார் என்கிறார் வசாரி. கழுதைக் காதுகளோடு, உடலைப் பாம்பு சுற்றிக்கொண்டிருக்க, அந்த முகம் இன்றும் சுவரின் வலக்கோடியில் நிற்கிறது. தம்மைக் குறை கூறியவரை ஒரு குறியீட்டைக் கொண்டு நரகத்தில் நிறுத்திவிட்டார் கலைஞர். பார்ப்பவர் சிரிக்கிறார்கள். ஐந்து நூற்றாண்டுகளாகப் போகிறது, சிரிப்பு ஓயவில்லை. அந்த மனிதரைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அதை மட்டுமே.

அதே சுவரில் இன்னொரு முகமும் உண்டு. தோலுரிக்கப்பட்டு மறைச்சாட்சியாக மரித்த புனித பர்த்தலமேயு, தம் கையில் உரிக்கப்பட்ட தோலைப் பிடித்திருக்கிறார். தொங்கும் அந்தத் தோலில் உள்ள முகம் மைக்கேலாஞ்சலோவின் முகம் என்று 20-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது. ஆய்வாளர் பெரும்பாலோர் அதை ஏற்கின்றனர். புனிதரின் உடலில் அவர் தமக்கு இடம் தேடவில்லை. மீட்புக்கும் அழிவுக்கும் நடுவே தொங்கும் வெறுந்தோலில் தம்மை வைத்தார். ஒரே சுவர், ஒரே கை. ஒரு குறியீடு பிறரைக் குத்துகிறது. மற்றொன்று தம்மையே குத்துகிறது. முன்னதைக் கண்டு நாம் நகைக்கிறோம். பின்னதன்முன் வாயடைத்து நிற்கிறோம்.

பேத்தோன் சித்திரத்தையும் இக்கண்ணோடு பார்க்கலாம். ‘பெரியோர் சொல் கேளாத இளைஞன் அழிவான்’ என்று எச்சரிக்க மிகவும் பொருத்தமான கதை அது, பெறுபவரோ இளைஞர். ஆனால் எட்டாத உயரத்துக்கு ஆசைப்பட்ட பேத்தோன் கலைஞர் தாமே என்று பலர் கருதுவர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள முதல் வரைவின் அடியில் அவர் தம் கையால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இது உமக்குப் பிடிக்காவிட்டால் சொல்லி அனுப்பும், வேறொன்று வரைய நேரம் இருக்கும் என்பது அதன் கருத்து. உலகமே வியந்த ஓவியர் ஓர் இளைஞரிடம் இவ்வளவு பணிந்து பேசுகிறார். பாடம் சொல்லவந்த ஆசிரியரின் குரலாக அது ஒலிக்கவில்லை.

விவிலியம் இதை வெகு காலத்துக்கு முன்பே நமக்குக் கற்பித்திருக்கிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த செல்வனின் கதையை நாத்தான் சொன்னபோது, தாவீது கடுஞ்சினம் கொண்டார். அச்செல்வன் சாக வேண்டும் என்றார். கதை பிறரைப் பற்றியது என்று எண்ணும்வரை அவர் நேர்மையான நடுவராகவே இருந்தார். அச்செல்வன் அவரே என்று இறைவாக்கினர் சுட்டியபோதுதான் அந்தக் கதை தன் வேலையைச் செய்தது. குறியீடு நம்மை நோக்கித் திரும்பாதவரை அது வெறும் பொழுதுபோக்கு. பிறரை நோக்கியே நிற்குமானால் அது ஆயுதம்.

ஓவியங்களோடு நின்றுவிடும் செய்தியா இது? ஓர் ஊரில் ஒருவன் குடிக்கு அடிமையாகிறான். சில ஆண்டுகளில் அவனுடைய திருமுழுக்குப் பெயர் மறைந்து ‘குடிகாரன்’ என்னும் பெயர் நிலைக்கிறது. பிள்ளைகளை அதட்டும் தாய்மாருக்கு அவன் ஓர் எடுத்துக்காட்டு. திண்ணையில் பேசுவோருக்கு அவன் ஒரு நீதிக்கதை. கணவனைப் பிரிந்து தாய்வீடு திரும்பிய பெண், தேர்வில் தோற்று வீட்டில் முடங்கிய இளைஞன், கடன்பட்டு இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன குடும்பம் என்று ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பாடத்தின் படமாக மாற்றப்படுகிறார்கள். பாடம் பொய்யாக இருப்பதில்லை. மது கெடுக்கத்தான் செய்யும், கடன் அழிக்கத்தான் செய்யும். ஆனால் படமாகிவிட்டவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவன் மனம் மாறினாலும் ஊருக்கு அது வசதியாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டு ஒன்று குறைந்துவிடுகிறதே! ஈரல் மீண்டும் மீண்டும் வளர்கிறது. நாவு மீண்டும் மீண்டும் கொத்துகிறது. அந்தப் பாறையருகே நிற்கும்போது நம்மை டிட்டியஸ் என்று எண்ணிக்கொள்வதற்கே நாம் தயங்குகிறோம். நாம் கழுகாகவும் இருக்கக்கூடும் என்னும் எண்ணமோ நமக்கு வருவதே இல்லை.

தாளைத் திருப்பினால்

இப்பொழுது வின்ட்சரிலுள்ள அந்தத் தாளை மறுபக்கம் திருப்புவோம்.

அங்கேயும் ஒரு மனித உருவம் இருக்கிறது. முன்பக்கத்தில் தெரியும் டிட்டியஸின் புறக்கோடுகளைத் தாளின் ஊடாகப் பார்த்து, மைக்கேலாஞ்சலோ பின்பக்கத்தில் வரைந்துகொண்டார். பிறகு தாளை நிமிர்த்தி வைத்தார். மல்லாந்து கிடந்த உடல் எழுந்து நிற்கும் உடலாயிற்று. கைகால்களில் சில மாற்றங்கள் செய்தார். காலடியில் ஒரு கல்லறையைக் கோடிட்டார். பாதாளத்தில் தண்டனை பெறும் அரக்கனின் உருவம், கல்லறையிலிருந்து எழும் கிறிஸ்துவின் உருவமாகிவிட்டது.

இதில் மிகைப்பொருள் காணக் கூடாது என்று ஒருவர் எச்சரிக்கலாம்; அந்த எச்சரிக்கை நியாயமானதே. அக்காலத்தில் மைக்கேலாஞ்சலோ உயிர்ப்புக் காட்சிகள் பலவற்றை வரைந்துகொண்டிருந்தார். அவருக்கு ஓர் உடலின் அமைப்பு தேவைப்பட்டது. கையிலிருந்த தாளில் அது கிடைத்தது. கலைக்கூடங்களில் இது அன்றாடச் சிக்கனம். தாம் ஒரு மறைபொருளை வரைகிறோம் என்று அவர் எண்ணினாரா என்பதை அந்தக் கோடுகள் சொல்வதில்லை. ஆகவே அதை ஒரு சான்றாகக் காட்டி எதையும் நிறுவ நாம் முயல வேண்டாம். ஆனால் ஓர் உடலின் கோடு அந்த இரண்டு உருவங்களுக்கும் பொருந்தியது என்பது கண்ணெதிரே தெரியும் உண்மை. நம் நம்பிக்கையின் வெளிச்சத்தில் அதைச் சிந்தித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். சொல்லிப் பழகிய வாய் அதன் ஆழத்தை எளிதில் மறந்துவிடுகிறது. தண்டிக்கப்பட்டோர் இருக்கும் இடத்துக்கு, தண்டனைக்குரிய எதையும் செய்யாதவர் இறங்கினார் என்பது அதன் பொருள். பாவம் அறியாத அவரை இறைவன் நமக்காகப் பாவநிலை ஏற்கச் செய்தார் என்னும் கருத்தைப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். குற்றவாளியின் கோடுகளுக்குள் குற்றமற்றவர் வந்து நின்றார் என்று அதையே நாம் இந்தத் தாளின் மொழியில் சொல்லலாம்.

இங்கேதான் நம் முதற்கேள்விக்கும் ஒரு விடை கிடைக்கிறது. முன்பக்கத்தில் பாதிக்கப்பட்டவளைக் காணவில்லை என்று கண்டோம். மறுபக்கத்தில் எழுந்து நிற்பவர் யார்? பிடித்துச் செல்லப்பட்டவர், ஆடை களையப்பட்டவர், அறையப்பட்டவர், வலியோரின் கைகளில் கையளிக்கப்பட்டவர். அவரும் பாதிக்கப்பட்டவரே. லேத்தோக்களின் வரிசையில் நிற்பவர், டிட்டியஸின் உருவக்கோட்டுக்குள் வந்து நிற்கிறார். ஆகவே இந்த மீட்பு குற்றத்தை மூடி மறைப்பதல்ல. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. தோமாவிடம் அவற்றைக் காட்டினார். காயங்களை மறந்துவிடச் சொல்லி வரும் சமாதானம் குதிரைகளைக் கொடுத்து மகனை மறக்கச் சொல்லும் சீயஸின் சமாதானம். காயங்களோடு வந்து தரும் சமாதானமே கிறிஸ்துவின் சமாதானம். பாதிக்கப்பட்டவர்க்கு நீதியும் பாவிக்கு விடுதலையும் ஒரே உடலில் சந்திக்கும் இடம் அது.

தொன்மத்தின் உலகில் டிட்டியஸுக்கு நாளை என்று ஒன்றில்லை. அவன் ஒரு செயலாகவே உறைந்துவிட்டான். அச்செயலின் தண்டனையாகவே என்றும் இருப்பான். அவனைச் சரியான குறியீடாக்குவதும் அதுதான்: குறியீடு மாறுவதில்லை. மனிதனோ மாறக்கூடியவன். ஒப்புரவு அருட்சாதனத்தில் திருச்சபை ஒருவரிடம், “நீர் உம் செயல் மட்டும் அல்ல” என்னும் நற்செய்தியையே வழங்குகிறது. ஒருவரை அவருடைய பாவத்தின் அடையாளமாக மட்டும் வைத்திருக்க விரும்பும் ஊர், தாளைத் திருப்ப மறுக்கும் ஊர். தீங்கு செய்தவரை உடனே மன்னித்துவிட வேண்டும் என்று தீங்குற்றவரை வற்புறுத்தும் ஊரோ, முன்பக்கத்தைப் பாராமலே பின்பக்கத்துக்குத் தாவும் ஊர். இரண்டும் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கின்றன.

மைக்கேலாஞ்சலோ 1564 பிப்ரவரி 18 அன்று உரோமையில் இறந்தார். அந்நாள்களில் உடனிருந்த நண்பர்களுள் கவலியேரியும் ஒருவர். பரிசாகப் பெற்ற சித்திரங்களை அவர் அரும்பொருளாகப் பேணிக் காத்தார் என்று அறிகிறோம். அன்பளிப்பாக வந்த அந்தத் தாள் இன்று அரச சேகரிப்பில் இருக்கிறது. காட்சிக்கு வைக்கும்போது பெரும்பாலும் முன்பக்கம்தான் பார்ப்பவரை நோக்கியிருக்கும். செதுக்கி மெருகிட்டதுபோல் முற்றுப்பெற்ற சித்திரம் அதுதான். மறுபக்கத்தில் இருப்பவை விரைந்து இழுத்த சில கோடுகள்; அது முற்றுப்பெறவில்லை.

நம் அயலாரையும் பெரும்பாலும் முன்பக்கமாகவே காண்கிறோம். அவர்கள் செய்த தவறு தெளிவாக, முழுமையாக, நிழலும் ஒளியுமாகத் தெரிகிறது. மறுபக்கத்தில் ஆண்டவர் இழுத்துக்கொண்டிருக்கும் கோடுகள் மங்கலாகவே இருக்கின்றன. அவற்றைக் காண்பதற்குத் தாளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தின் எதிரே பிடிக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் இரக்கமும் வேண்டும். அடுத்த முறை யாரையேனும் ஒரு பாடமாகச் சுட்டிக்காட்ட நம் விரல் எழும்பும்போது, அந்த விரலைச் சற்றே மடக்கி அவருடைய பெயரைச் சொல்லி அழைத்துப் பார்ப்போமாக.